ராப்டர் லேக் கோளாறுக்குப் பிறகு: மதர்போர்டை மாற்றுவதா, வைத்துக்கொள்வதா?

ராப்டர் லேக் எனப்படும் இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை ப்ராசஸர் உள்ள டெஸ்க்டாப் கேம் நடுவே வெளியேறுகிறது, அவ்வப்போது நீலத்திரை காட்டுகிறது என்றதும் பலரும் முதலில் விலை விசாரிப்பது புது மதர்போர்டைத்தான். சிலருக்கு அது சரியான முடிவாகவே அமையும். பெரும்பாலோருக்கு வீண்செலவு. போர்டு மாற்றிய பிறகும் அதே மாதிரி நிற்கும். தேய்ந்துபோன சிப் புதுப் போர்டிலும் தேய்ந்த சிப்தான்.

இதை 2011-இல் நடந்ததோடு குழப்பிக்கொள்பவர்கள் இன்னும் உண்டு. அந்த ஆண்டு ஜனவரி 31 அன்று, சாண்டி பிரிட்ஜ் ப்ராசஸர்களோடு வந்த பி67, எச்67 சிப்செட்டுகளில் 3 ஜிபிபிஎஸ் சாட்டா போர்ட்டுகள் நாளாக நாளாகப் பழுதாகலாம் என்று இன்டெல் அறிவித்தது. குறை போர்டில் சால்டர் செய்த சிப்செட்டுக்குள் இருந்தது. ஆகவே பி2 பதிப்புப் போர்டைத் திருப்பிக் கொடுத்து பி3 பதிப்பு வாங்குவதே நிரந்தரத் தீர்வு. ப்ராசஸரைக் கழற்றி அப்படியே புதுப் போர்டில் மாட்டிக்கொள்ளலாம். இப்போதைய கோளாறு தலைகீழ். போர்டு நலமாக இருக்கிறது, ப்ராசஸர் கெடுகிறது. ஆனால் அந்த ப்ராசஸர் எவ்வளவு வோல்ட் கேட்கலாம், எவ்வளவு மின்சாரம் இழுக்கலாம் என்ற வரம்புகள் போர்டின் பயாஸில் (கணினியைத் தொடக்கும் நிரல்) இருக்கின்றன. குற்றவாளி ஒருவர், உடந்தை இன்னொருவர் என்பதால்தான் முடிவெடுப்பது சிக்கலாகிறது.

எது கெடுகிறது, ஏன்

இன்டெல் இதற்கு வைத்த பெயர் விமின் ஷிஃப்ட். ஒரு வேகத்தில் தடுமாறாமல் ஓட ப்ராசஸருக்கு ஒரு குறைந்தபட்ச வோல்ட்டேஜ் தேவை. கோர்களுக்குள் கடிகாரத் துடிப்பைக் கொண்டுசெல்லும் சர்க்யூட் அதிக வோல்ட்டேஜிலும் சூட்டிலும் மூப்படையும்போது அந்தக் குறைந்தபட்ச அளவு மெல்ல மேலே ஏறுகிறது. வாங்கிய புதிதில் போதுமாக இருந்த வோல்ட்டேஜ் சில மாதங்களில் போதாமல் போகிறது. கணினி கணக்கைத் தப்பாகப் போடத் தொடங்குகிறது.

மூப்பை விரைவுபடுத்திய காரணங்கள் நான்கு என்று இன்டெல் 2024-இல் பட்டியலிட்டது. முதலாவது, இன்டெல் பரிந்துரைத்ததை மீறிய போர்டு அமைப்புகள். இரண்டாவது, சூடான நிலையிலும் ஐ9 சிப்புகளை உச்ச வேகத்தில் ஓடவிட்ட ஒரு மைக்ரோகோடு (ப்ராசஸருக்குள் ஓடும் அடிப்படை நிரல்) பிழை; இதற்கு பயாஸ் வழியாக 0எக்ஸ்125 என்ற திருத்தப் பதிப்பு வந்தது. மூன்றாவது, ப்ராசஸரே தேவைக்கு மேல் வோல்ட்டேஜ் கேட்டது. ஆகஸ்டில் வந்த 0எக்ஸ்129 அதை 1.55 வோல்ட்டுக்கு மேல் போகாமல் நிறுத்தியது. நான்காவது, சும்மா இருக்கும்போதும் லேசான வேலையிலும் வோல்ட்டேஜ் ஏறியது. செப்டம்பரில் வந்த 0எக்ஸ்12பி இதையும் முந்தைய இரண்டையும் சேர்த்துத் திருத்தியது. 2025 மே மாதம் 0எக்ஸ்12எஃப் வந்தது. நாள்கணக்கில் அணைக்காமல் லேசான வேலையில் ஓடும் கணினிகளுக்கானது அது. வீட்டு சர்வர் வைத்திருப்பவர்கள் இதைத் தவறவிடக் கூடாது.

இவை அனைத்தும் தடுப்பு மருந்துகள். ஏற்கெனவே மூப்படைந்த சிப்பை எந்த பயாஸ் பதிப்பும் பழைய நிலைக்குக் கொண்டுவராது.

பாதிப்பு எல்லா மாடலுக்கும் இல்லை. இன்டெல் கூடுதல் வாரண்டி அறிவித்த பட்டியலில் ஐ5-13600கே, 14600கே, அவற்றின் கேஎஃப் வகைகள், ஐ7-13700, 14700 வரிசை, ஐ9-13900, 14900 வரிசை ஆகியவை உள்ளன. ஐ7, ஐ9-இல் கே இல்லாத சாதாரண வகையும் எஃப் வகையும் சேரும். ஐ5-13400, 13500, 14400, 14500, ஐ3 மாடல்கள் எதுவும் அதில் இல்லை. லேப்டாப் சிப்புகளும் இந்தக் கோளாறில் சேராது என்பது இன்டெலின் நிலைப்பாடு. ஐ5-13400 வைத்திருந்து கணினி நின்றால் ரேமையும் பவர் சப்ளையையும் பாருங்கள். இந்தக் கட்டுரை உங்களுக்கானது அல்ல.

போர்டின் பங்கு இன்னும் கொஞ்சம் விளக்க வேண்டியது. 2024 ஏப்ரலுக்கு முன் இந்த ப்ராசஸர்களுக்கான பல இசட்690, இசட்790 போர்டுகள் பெட்டியிலிருந்து எடுத்தபடியே மின்திறன் வரம்பை 4095 வாட் என்றும், மின்னோட்ட வரம்பை 511 ஆம்பியருக்கு மேலும் வைத்து வந்தன. வரம்பே இல்லை என்பதைத்தான் இந்த எண்கள் சொல்கின்றன. மதிப்பீட்டு வரைபடத்தில் நாலு புள்ளி கூடுதலாகக் காட்ட எல்லாத் தயாரிப்பாளர்களும் ஓடிய போட்டி அது. ஐ9-14900கே-வுக்கு இன்டெல் சொல்லும் வழக்கமான வரம்பு 253 வாட், 307 ஆம்பியர். அந்த இடைவெளியில்தான் பல சிப்புகளின் ஆயுள் கரைந்தது.

பழுது ப்ராசஸரில்தானா?

முடிவெடுக்கும் முன் இதை உறுதிசெய்யுங்கள். இந்தக் கோளாறுக்கு அடையாளங்கள் உண்டு. அன்ரியல் எஞ்சினில் செய்த கேம்கள் ஷேடர் (காட்சியை வரையும் சிறு நிரல்கள்) தொகுக்கும்போது, கிராஃபிக்ஸ் கார்டில் 12 ஜிபி இருந்தாலும் வீடியோ மெமரி போதவில்லை என்று சொல்லி வெளியேறும். என்விடியா டிரைவர் கோப்பு விரியும்போதே பிழை காட்டும். பெரிய ஜிப் கோப்புகள் ஒரு முறை சரியாக விரியும், மறுமுறை சிஆர்சி பிழை வரும். பிழைச் செய்தி கிராஃபிக்ஸ் கார்டைக் கை காட்டுவதால் நல்ல கார்டைத் திருப்பிக் கொடுத்தவர்கள் நிறையப் பேர்.

சோதனை எளிது. முதலில் ரேமின் எக்ஸ்எம்பி-யை (ரேமை அதிக வேகத்தில் ஓட்டும் அமைப்பு) அணைத்துவிட்டு, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐ நான்கு சுற்று ஓட விடுங்கள். பிழை வந்தால் ரேம் அல்லது போர்டின் ரேம் ஸ்லாட்டில் சந்தேகம். பிழை இல்லையென்றால் பயாஸிலோ இன்டெலின் எக்ஸ்டியு மென்பொருளிலோ பெர்ஃபார்மன்ஸ் கோர்களின் பெருக்கத்தை (வேகத்தை நிர்ணயிக்கும் எண்) 55-லிருந்து 53-ஆகக் குறையுங்கள். நின்றுபோவது உடனே மறைந்தால் ப்ராசஸர்தான் தேய்ந்திருக்கிறது. பிரைம்95 என்ற அழுத்தச் சோதனையை மணிக்கணக்கில் தாங்கியது என்பதை நற்சான்றிதழாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எல்லாக் கோர்களும் முழு வேலையில் இருக்கும்போது வேகமும் வோல்ட்டேஜும் இறங்கிவிடும். ஒன்றிரண்டு கோர் உச்ச வேகத்துக்குத் தாவும் கணங்களில்தான் தேய்மானம் வெளியே தெரியும்.

வெயில் காலத்தில் மட்டும் தொல்லை வருகிறது என்றாலும் அலட்சியம் வேண்டாம். 2025 கோடையில் ஐரோப்பாவில் வெப்ப அலை வீசியபோது, ஃபயர்ஃபாக்ஸ் செயலிழப்பு அறிக்கைகளில் ராப்டர் லேக் கணினிகள் குவிந்ததை மொசில்லா பொறியாளர் ஒருவர் சுட்டிக்காட்டினார். ஏசி இல்லாத அறையில் நம் ஊர் மே மாதம் அதைவிடக் கடுமையான சோதனைக்கூடம்.

முதல் வழி: அதே போர்டு, புது பயாஸ், மாற்று ப்ராசஸர்

பட்டியலில் உள்ள சிப்பைப் பெட்டியோடு வாங்கியிருந்தால் இதுதான் சரியான வழி. பெட்டியோடு வந்த ப்ராசஸருக்கு இன்டெல் இரண்டு ஆண்டு கூடுதல் வாரண்டி கொடுத்திருக்கிறது; வாங்கிய நாளிலிருந்து மொத்தம் ஐந்து ஆண்டு. 2022 கடைசியில் வாங்கியவருக்கும் 2027 கடைசி வரை நேரம் இருக்கிறது. டிரே சிப்பாக, பெட்டி இல்லாமல் வாங்கியவர்கள் விற்ற கடையையும், தயார்நிலைக் கணினி வாங்கியவர்கள் அந்தக் கணினித் தயாரிப்பாளரையும்தான் அணுக வேண்டும். சென்னை ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்க பில் இல்லாமல் டிரே சிப் வாங்குவது எவ்வளவு பெரிய நஷ்டம் என்பது இப்போது புரியும்.

கோரிக்கைக்கு மூன்று விஷயம் தேவை: பில், சிப்பின் உலோக மூடியில் அச்சிட்ட எஃப்பிஓ எண், பச்சைப் பலகையின் ஓரத்தில் உள்ள ஏடிபிஓ எண். பெட்டியின் ஒட்டுச்சீட்டிலும் இரண்டும் இருக்கும். மேலே சொன்ன 55, 53 சோதனையின் முடிவை எழுதிக் கொடுத்தால் பேச்சு சுருக்கமாக முடியும்.

இங்கே பலர் சறுக்கும் இடம் வரிசை. மாற்று சிப் வந்ததும் ஆர்வத்தில் மாட்டிவிடக் கூடாது. முதலில் பயாஸ், பிறகுதான் புது சிப். பழைய பயாஸில் ஓடிய ஒவ்வொரு நாளும் புது சிப்பின் ஆயுளில் கழியும்.

பழைய சிப் தடுமாறும் நிலையில் விண்டோஸுக்குள் இருந்து பயாஸை எழுதாதீர்கள். பாதியில் நின்றால் போர்டும் போகும். போர்டின் பின்பக்கம் பயாஸ் ஃப்ளாஷ்பேக் பொத்தான் இருந்தால் அதுவே பாதுகாப்பு. ப்ராசஸர் இல்லாமலே வேலை செய்யும். பென்டிரைவை ஃபேட்32-ஆக ஃபார்மட் செய்து, தயாரிப்பாளர் சொன்ன பெயரைக் கோப்புக்குச் சூட்டி, குறித்த யுஎஸ்பி துளையில் செருகுங்கள். பவர் சப்ளை இணைப்பில் 24 பின்னும் 8 பின்னும் இருக்கட்டும். பொத்தானைச் சில விநாடி அழுத்தினால் விளக்கு மின்னத் தொடங்கும். அது தானாக அணையும் வரை தொடாதீர்கள். ஐந்தாறு நிமிடம் ஆகும். யுபிஎஸ் இல்லாமல் இதைச் செய்ய வேண்டாம். பொத்தான் இல்லாத போர்டில், பெருக்கத்தை 50 அளவுக்கு இறக்கிவிட்டு, பயாஸுக்குள்ளேயே உள்ள எழுதும் கருவியைப் பயன்படுத்துங்கள்.

எழுதியதும் எல்லா அமைப்பும் தொடக்க நிலைக்குப் போகும். இதில் இரண்டு கண்ணிகள் உண்டு. விண்டோஸை விஎம்டி (வட்டுகளை நிர்வகிக்கும் இன்டெல் அமைப்பு) இயங்கும் நிலையில் நிறுவியிருந்து, இப்போது அது அணைந்துவிட்டால், வட்டைக் காணாமல் விண்டோஸ் நீலத்திரையில் நிற்கும். விஎம்டி-யை மறுபடி இயக்கினால் சரியாகும். வட்டைப் பூட்டும் பிட்லாக்கர் இருந்தால் மீட்புச் சாவி கேட்கும். அதை முன்கூட்டியே வேறிடத்தில் எழுதி வைத்திருக்க வேண்டும்.

பிறகு பயாஸில் இன்டெல் டிஃபால்ட் செட்டிங்ஸ் என்ற அமைப்பைத் தேர்ந்து, மல்டிகோர் என்ஹான்ஸ்மென்ட் போன்ற பெயர்களில் வரம்பைத் தளர்த்துவதாக இருப்பதை அணையுங்கள். 13900கே, 14900கே-வுக்கு 253 வாட், 307 ஆம்பியர் என்று காட்டுகிறதா என்று பாருங்கள். மைக்ரோகோடு பதிப்பு எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் தெரியும். இயங்குதளமே புதியதை ஏற்றிக் காட்டும் வாய்ப்பு இருப்பதால், பயாஸ் வெளியீட்டுக் குறிப்பிலும் 0எக்ஸ்12பி அல்லது 0எக்ஸ்12எஃப் என்று இருக்கிறதா என்று சரிபார்ப்பது நல்லது. வோல்ட்டேஜைக் கையால் குறைக்க விரும்புபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: சிஇபி பாதுகாப்பு (வோல்ட்டேஜ் போதாதபோது ப்ராசஸரை மெதுவாக்கும் ஏற்பாடு) இயங்கும்போது ஏசி லோட்லைனை (ப்ராசஸர் கேட்கும் வோல்ட்டேஜைப் பாதிக்கும் பயாஸ் அமைப்பு) அதிகம் குறைத்தால் கடிகார வேகம் திரையில் அப்படியே இருக்கும், வேலையின் வேகம் மட்டும் சரியும். ஒவ்வொரு படிக்கும் சினிபெஞ்ச் வேகச்சோதனை மதிப்பெண்ணை ஒப்பிடாமல் அதில் கை வைக்காதீர்கள்.

இந்த வழிக்கு ஆகும் செலவு கூரியர் கட்டணமும் சில வாரக் காத்திருப்பும். அந்த இடைவெளியில் கணினி கட்டாயம் வேண்டும் என்றால் மலிவான ஐ3-12100 ஒன்றை வாங்கி மாட்டி ஓட்டலாம், பிறகு விற்றுவிடலாம்.

இரண்டாம் வழி: அதே போர்டு, வேறு ப்ராசஸர்

வாரண்டி கிடைக்காதவர்கள் புதுப் போர்டுக்குத் தாவும் முன் இதை யோசிக்க வேண்டும். இந்த ப்ராசஸர்கள் உட்காரும் எல்ஜிஏ1700 சாக்கெட்டில் 12-ஆம் தலைமுறையும் பொருந்தும். அதற்கு இந்தக் கோளாறு இல்லை. ஐ7-12700கே-யில் 8 பெர்ஃபார்மன்ஸ் கோர், 4 எஃபிஷியன்ட் கோர், 20 திரெட். ஐ9-12900கே-யில் 8-உம் 8-உமாக 24 திரெட். 14700கே-யிலிருந்து இறங்கினால் வீடியோ ரெண்டரில் வித்தியாசம் நன்றாகத் தெரியும். கேம்களில், அதுவும் 1440பி திரையில் நடுத்தர கிராஃபிக்ஸ் கார்டோடு, பெரும்பாலும் தெரியாது. சூடு குறைவு, கூலரும் அதேதான். பட்டியலில் இல்லாத ஐ5-14500-உம் 6-உம் 8-உமாக 20 திரெட்டோடு நல்ல மாற்று.

டிடிஆர்4 (முந்தைய வகை ரேம்) போர்டு வைத்திருப்பவர்களுக்கு இந்த வழி இன்னும் அதிகம் பொருந்தும். 2025 கடைசியிலிருந்து டிடிஆர்5 விலை கடுமையாக ஏறிவிட்டது. புதுத் தலைமுறைப் போர்டுக்கு மாறினால் ரேமையும் மாற்ற வேண்டியிருக்கும். இன்றைய நிலையில் 32 ஜிபி ரேமுக்கான தொகை போர்டின் விலையையே தாண்டிப் போகலாம். கையில் உள்ள 32 ஜிபி டிடிஆர்4-ஐ வீணாக்காமல் இன்னும் இரண்டு மூன்று ஆண்டு ஓட்டுவது கஞ்சத்தனம் ஆகாது.

மூன்றாம் வழி: இன்னொரு எல்ஜிஏ1700 போர்டு

பெரும்பாலோருக்குத் தேவையில்லை. தேவைப்படும் இடங்கள் மூன்று. பயாஸ் வெளியீடு நின்றுபோன போர்டு. பெயர்தெரிந்த நிறுவனங்களின் தயார்நிலைக் கணினிகளிலும் இது வரும், ஆனால் அங்கே பவர் இணைப்பும் போர்டின் வடிவும் தனிப்பட்டவையாக இருந்தால் சாதாரணப் போர்டு பெட்டிக்குள் உட்காராது. அடுத்தது, ஹீட்சிங்க் கூட இல்லாத மலிவான எச்610 போர்டில் ஐ7, ஐ9-ஐ மாட்டியிருப்பது. மூன்றாவது, சாக்கெட் பின் வளைந்திருப்பது.

இந்த மூன்றில் ஒன்று என்றால் ஃப்ளாஷ்பேக் பொத்தானும் விஆர்எம் (ப்ராசஸருக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் பகுதி) ஹீட்சிங்கும் உள்ள பி760 போதும். இசட்790-க்குப் பணம் கொட்டாதீர்கள்; வரம்பு மீறி ஓடிக் கெட்ட சிப்புக்கு மறுபடி ஓவர்கிளாக்கிங் போர்டு எதற்கு? செகண்ட் ஹேண்டிலும் வாங்கலாம், போர்டை மட்டும். சாக்கெட்டை மொபைல் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள். பின்களின் பளபளப்பு ஒரே சீராக இருக்க வேண்டும். போர்டோடு சேர்த்து 13900கே என்று யாராவது மலிவாகத் தள்ளினால் வேண்டாம். அந்த சிப் என்னென்ன வோல்ட்டேஜில் எத்தனை மாதம் ஓடியது என்று கண்டுபிடிக்க வழியே இல்லை.

நான்காம் வழி: ஏஎம்5

போர்டு மாற்றுவது என்று முடிவாகிவிட்டால் எங்கள் பரிந்துரை இது. 2022 செப்டம்பரில் வந்த இந்த சாக்கெட்டை 2027-க்குப் பிறகும் தொடர்வதாக ஏஎம்டி சொல்லியிருக்கிறது. இன்று ரைசன் 5 7600 மாட்டிவிட்டு, பின்னொரு நாள் பயாஸ் மட்டும் புதுப்பித்து எக்ஸ்3டி (கூடுதல் கேஷ் நினைவகம் கொண்ட) சிப் ஒன்றுக்கு மாறலாம். எல்ஜிஏ1700-இல் அந்தக் கதவு 14-ஆம் தலைமுறையோடு மூடிவிட்டது. கேம் மட்டுமே முக்கியம் என்றால் 7800எக்ஸ்3டி, 9800எக்ஸ்3டி இரண்டும் 14900கே-யைவிட மிகக் குறைந்த மின்சாரத்தில் அதைவிட வேகமாக ஓடும்.

ஏஎம்5-உம் கறையில்லாதது அல்ல. 2023 ஏப்ரலில் சில 7000 வரிசை எக்ஸ்3டி சிப்புகள் சாக்கெட்டோடு கருகின. எக்ஸ்போ (எக்ஸ்எம்பி-யின் ஏஎம்டி வடிவம்) போட்டதும் போர்டுகள் எஸ்ஓசி (ப்ராசஸருக்குள் மெமரி கன்ட்ரோலர் உள்ள பகுதி) வோல்ட்டேஜை அளவுக்கு மீறி ஏற்றியதுதான் முக்கியக் காரணம். பிறகு ஏஎம்டி அதை 1.3 வோல்ட்டில் பூட்டியது. கடையில் நெடுநாள் கிடந்த பி650 போர்டு வாங்கினால் ப்ராசஸர் மாட்டும் முன் பயாஸைப் புதுப்பிக்க வேண்டும். 9000 வரிசை சிப் என்றால் எப்படியும் கட்டாயம். பழைய பயாஸில் திரையே வராது. ஆகவே இங்கேயும் ஃப்ளாஷ்பேக் பொத்தான் இல்லாத போர்டை வாங்காதீர்கள்.

போர்டுத் தேர்வில் பெயர்கள் குழப்பும். எக்ஸ்870-இல் யுஎஸ்பி4 கட்டாயம் உண்டு. வெளி எஸ்எஸ்டி வேகத்துக்கு அது தேவைப்படாதவர்களுக்கு பி850 அல்லது பழைய பி650 போதும். பி840-ஐ பி850-இன் தம்பி என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள். அதில் ப்ராசஸர் ஓவர்கிளாக்கிங் இல்லை, சிப்செட் வழியாக வரும் பிசிஐ லேன்களும் பழைய 3.0 வேகம். மேலே சொன்ன இரண்டு எக்ஸ்3டி சிப்புகளும் 120 வாட் வகை என்பதால் நடுத்தர விஆர்எம்மே தாராளம். ரேம் இரண்டு குச்சியாக வாங்குங்கள், 6000 வேகம், சிஎல்30 (தாமத அளவு). நான்கு குச்சி போட்டால் ஏஎம்டி உறுதி தரும் வேகம் 3600-க்கு இறங்கிவிடும். முதல் முறை இயக்கும்போது ரேம் பயிற்சி (ரேமுக்கு ஏற்ற அமைப்பைப் போர்டு கண்டறிவது) நடப்பதால் சில நிமிடம் திரை கறுப்பாகவே இருக்கும். பயந்துபோய் பவரை அணைப்பதுதான் புதிதாகக் கட்டுபவர்கள் செய்யும் தவறு.

கூலருக்குத் தனியாகச் செலவாகாமல் இருக்கலாம். போர்டோடு வரும் பின்தகட்டிலேயே மாட்டும், முந்தைய ஏஎம்டி சாக்கெட்டான ஏஎம்4-இன் கூலர்கள் ஏஎம்5-க்கும் பொருந்தும். கையில் இருப்பது எல்ஜிஏ1700 கூலர் என்றால் பெட்டியில் ஏஎம்டி பிராக்கெட் மிச்சம் இருக்கிறதா என்று தேடுங்கள்.

ஐந்தாம் வழி: எல்ஜிஏ1851

இது எல்ஜிஏ1700-க்கு அடுத்து வந்த இன்டெல் சாக்கெட். இதற்கான கோர் அல்ட்ரா 200எஸ் வரிசை 2024 அக்டோபரில் வந்தது. விமின் ஷிஃப்ட் கோளாறு இதற்கு இல்லை என்று இன்டெல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. 265கே-யில் 8-உம் 12-உமாக 20 கோர். ஹைப்பர் திரெடிங் இல்லை. ரெண்டர், கம்பைல் வேலைகளில் 14700கே-யைவிடக் குறைந்த சூட்டில் நன்றாக ஓடும். பழைய எல்ஜிஏ1700 கூலரின் துளைகளே பொருந்தும். குவிக்சிங்கை (இன்டெல் சிப்பில் உள்ள வீடியோ குறிமாற்ற வசதி) நம்பி வீடியோ வெட்டித் தொகுப்பவர்கள் ஏஎம்5-க்கு மாறுவதைவிட இதற்கு மாறுவது புத்திசாலித்தனம்.

கேமுக்கு வேண்டாம். வந்த புதிதில் பல கேம்களில் தன் முந்தைய தலைமுறையையே தாண்டவில்லை. பிறகு வந்த திருத்தங்கள் கொஞ்சம் மேம்படுத்தினாலும் எக்ஸ்3டி-யை எட்டவில்லை. இந்த சாக்கெட்டுக்கு நீண்ட ஆயுளை யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. டிடிஆர்4 கிடையாது.

ஏஎம்4-ஐ ஒரு வரியில் முடித்துவிடலாம்: கையில் நல்ல டிடிஆர்4 இருந்து, எல்ஜிஏ1700 போர்டும் உடைந்து, பணமும் இறுக்கம் என்றால் பி550 போர்டோடு ரைசன் 7 5700எக்ஸ் இன்னும் மோசமில்லை.

மாற்றும்போது

விண்டோஸ் உரிமம் போர்டோடு பிணைந்தது. கழற்றும் முன் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு அதை இணைத்து வையுங்கள். ரீடெயில் உரிமம் புதுப் போர்டுக்கு மாறும், தயார்நிலைக் கணினியோடு வந்த ஓஇஎம் உரிமம் மாறாது. இன்டெலிலிருந்து ஏஎம்டி-க்குப் போகிறவர்கள் பழைய விண்டோஸை அப்படியே ஓட்டப் பார்க்காமல் புதிதாக நிறுவுவது நேரமிச்சம்.

புதுப் போர்டின் பெட்டியைத் திறந்ததும், சாக்கெட் மூடியைக் கழற்றிப் பின்களைப் படமெடுங்கள். எல்ஜிஏ1700, 1851, ஏஎம்5 மூன்றிலும் பின்கள் போர்டில்தான் இருக்கின்றன. வளைந்த பின்னோடு திருப்பிக் கொடுத்தால் வாரண்டி மறுக்கப்படும். வாங்கும்போதே வளைந்திருந்தது என்று அந்தப் படம் இல்லாமல் நிரூபிக்க முடியாது. அந்த பிளாஸ்டிக் மூடியையும் எறியாதீர்கள். பின்னாளில் போர்டை வாரண்டிக்கு அனுப்பும்போது மேலே போட அதுதான் வேண்டும். பழைய போர்டை விற்பதாக இருந்தாலும் அப்படித்தான். அதில் கடைசி பயாஸை எழுதிவிட்டுக் கொடுங்கள்.

போர்டைப் பெட்டியில் இறுக்கும் முன், அட்டைப்பெட்டி மேலேயே வைத்து ப்ராசஸர், ஒரு ரேம் குச்சி, கூலர், 24 பின், 8 பின் மட்டும் இணைத்து ஒரு முறை இயக்கிப் பாருங்கள். பயாஸ் திரை வந்தால் பதிப்பைக் குறித்துக்கொண்டு, ஏஎம்5 என்றால் எஸ்ஓசி வோல்ட்டேஜ் 1.3-ஐத் தாண்டவில்லை என்றும், இன்டெல் என்றால் மின்வரம்பு 4095-ஆக இல்லை என்றும் பாருங்கள். எக்ஸ்எம்பி, எக்ஸ்போ எதுவும் இல்லாமல் இரண்டு நாள் வழக்கமான வேலையில் ஓட்டிவிட்டுப் பிறகு அதைப் போடுங்கள். கடையில் மாற்றித் தரும் அவகாசம் பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாள்தான். ஷேடர் தொகுக்கும் கனமான கேம் ஒன்றையும் பெரிய ஜிப் கோப்பு ஒன்றையும் அந்த நாட்களுக்குள்ளேயே பலமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.